மூணாறில் உட்கார்ந்தவர்கள் ஓட்டுப் போட்டபோது

எங்கள் மூணாறு தேயிலை மலையில் இளம்பிள்ளைகள் கூடுகிற இடத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. "ஓட்டுப் போட்டு என்னத்தக் கண்டோம் சித்தி? ஒரு வாரம் நாட்டுல எல்லாத்தையும் நிறுத்துனாத்தான் வழிக்கு வருவாங்க" என்பான் ஒருவன். "ஸ்டிரைக்குன்னு ரோட்டுல உட்கார்ந்தா கூலிதான் போகும். ஆளை மாத்துங்க, எல்லாம் மாறும்" என்பான் இன்னொருவன். கொழுந்து எடுத்த காலத்தில் நான் ரோட்டிலும் உட்கார்ந்திருக்கிறேன், ஓட்டுக் கேட்டு லயம் லயமாக, தோட்டத்து வரிசை வீடுகளில், ஏறி இறங்கியும் இருக்கிறேன். இரண்டும் எந்த இடத்தில் பலித்தது, எந்த இடத்தில் நின்றுபோனது என்று சொன்னால் அவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2015 செப்டம்பர் முதல் வாரத்தில் இரண்டு வேலை நிறுத்தங்களைப் பார்த்தோம். முதலாவது செப்டம்பர் 2 அன்று மத்தியத் தொழிற்சங்கங்கள் சேர்ந்து அழைத்த அகில இந்தியப் பொது வேலை நிறுத்தம். 12 கோரிக்கைகள். அதில் ஒன்று, எந்தத் தொழிலாளிக்கும் மாதம் 15,000 ரூபாய்க்குக் குறையாத கூலி. எங்களுக்கு அப்போது நாள் கூலி 232 ரூபாய். மாதத்தில் 26 நாள் மலை ஏறினாலும் ஆறாயிரத்துச் சொச்சம்தான். ஆகவே அந்தக் கோரிக்கை எங்களுக்கு அந்நியமானது இல்லை. கேரளம் முழுக்க அடைத்துக் கிடந்தது. கடை இல்லை, பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. மறுநாள் காலையில் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, போய் நின்றோம். அதே 232.

அதற்கு மூன்று நாள் கழித்துத் தொடங்கியது மற்றது. முந்தைய வருஷம் 19 சதவீதம் தந்த போனஸை அந்த வருஷம் 10 ஆக்கியிருந்தார்கள். யூனியன்களும் அதற்குத் தலையாட்டிவிட்டார்கள் என்ற பேச்சு லயங்களில் பரவியதும் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு மூணாறு டவுனுக்கு இறங்கினார்கள். யாரும் அழைப்பு விடவில்லை, நோட்டீஸ் ஒட்டவில்லை. தோட்டத்தின் ஒரு டிவிஷன்காரர்கள் இறங்குவதைப் பார்த்து அடுத்த டிவிஷன் இறங்கியது. ஆயிரக்கணக்கான பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தோம். ஆண்கள் ஓரத்தில் நின்றார்கள், வீட்டில் சோறு பொங்கினார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். எந்தக் கட்சிக் கொடியையும் உள்ளே விடவில்லை. அந்தக் கூட்டத்துக்குத்தான் பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பெயர் வந்தது. ஒன்பதாம் நாள், செப்டம்பர் 13 அன்று, அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் வந்து எங்களோடு உட்கார்ந்தார். அன்றைக்கே கொச்சியில் முதலமைச்சர் உம்மன் சாண்டி நடத்திய பேச்சுவார்த்தையில் 20 சதவீதம் முடிவானது. 8.33 போனஸாகவும், மீதி 11.67 கருணைத் தொகையாகவும்.

நாடே நின்ற ஒரு நாளில் எங்கள் செக்ரோலில், அதாவது கூலிப் பதிவேட்டில், ஒரு பைசா ஏறவில்லை. ஒரு மலை நின்ற ஒன்பது நாளில் கேட்டது முழுசாக வந்தது. ஏன்? இதை நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன்.

போனஸ் கொடுக்க வேண்டியது ஒரே ஒரு கம்பெனி. அதன் இலை செடியிலேயே முற்றினால் அதற்குத்தான் நஷ்டம். நஷ்டப்படுகிறவரும் கொடுக்க வேண்டியவரும் ஒருவராகவே இருந்தார்கள். கேட்ட தொகையும் சட்டத்துக்குள் இருந்தது. அப்போது நடப்பிலிருந்த 1965 போனஸ் சட்டம் குறைந்தது 8.33, கூடியது 20 என்று வரம்பு கட்டியிருந்தது. 25 கேட்டிருந்தால் "சட்டத்தில் இடமில்லை" என்ற ஒரு வார்த்தையில் எங்களைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். 20 என்று கேட்டதால் அந்த வாசல் அடைபட்டது. எழுத்தறிவு குறைந்த பெண்கள் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். எந்த எண்ணைக் கேட்க வேண்டும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது காரணத்தை நம் பிள்ளைகள் சுலபமாக மறந்துவிடுகிறார்கள். நவம்பர் 2 அன்று இடுக்கி மாவட்டத்தில் உள்ளாட்சித் தேர்தல். அதற்கடுத்த மே மாதம் சட்டமன்றத் தேர்தல். ரோட்டில் உட்கார்ந்த ஒவ்வொரு பெண்ணும் ஓட்டு உள்ளவள், அவள் வீட்டில் இன்னும் மூன்று நான்கு ஓட்டு. ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் அது தெரியும். மந்திரிகளும் எம்.எல்.ஏ.க்களும் மலையேறி வந்ததற்கு எங்கள் கோஷம் மட்டும் காரணமில்லை. தேர்தலுக்கு வெகுதூரம் இருந்திருந்தால் ஒன்பது நாள் முப்பது நாளாக இழுத்திருக்கும் என்றே நினைக்கிறேன். அதனால்தான் ஸ்டிரைக்கா ஓட்டா என்று எதிரெதிரே நிறுத்திப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த செப்டம்பரில் எங்கள் ஸ்டிரைக்குக்குப் பல்லாக இருந்ததே எங்கள் ஓட்டுதான்.

கூலி விஷயம் இப்படி முடியவில்லை. 232ஐ 500 ஆக்கச் சொல்லி மறுபடியும் உட்கார்ந்தோம். இந்த முறை எதிரே இருந்தது ஒரு கம்பெனி அல்ல. கேரளத்தில் தோட்டக் கூலியை அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூவரும் இருக்கும் தோட்டத் தொழிலாளர் கமிட்டிதான் முடிவு செய்யும். மூணாறில் ஏற்றினால் பீர்மேட்டிலும் வயநாட்டிலும் ஏற்ற வேண்டும், ரப்பரிலும் ஏலக்காயிலும் ஏற்ற வேண்டும். மாநிலத்தின் அத்தனை தோட்ட முதலாளிகளும் ஒரு பக்கம் நின்றார்கள். அந்த மேஜையில் நாற்காலி பதிவான யூனியன்களுக்குத்தான். அக்டோபர் நடுவில் தேயிலைக்கு 301, ஏலத்துக்கு 330, ரப்பருக்கு 381 என்று முடிந்தது. கூடவே, ஒரு நாளில் எடுக்க வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோ ஆனது. ரோட்டில் உட்கார்ந்தவர்கள் ஒருவரும் அந்த நாலு கிலோவுக்குச் சம்மதம் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுகிற இடத்தில் நம் ஆள் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

ஆனாலும் நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். கணக்கு இது. ஸ்டிரைக்கில் ஒரு நாள் போனால் போவது 232. கூடிய கூலி நாளுக்கு 69. அதாவது இழந்த ஒவ்வொரு நாளையும் பின்னால் வந்த மூன்றரை நாள் வேலை ஈடுகட்டிவிட்டது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் லாபம். ஸ்டிரைக் என்று யார் வந்து பேசினாலும் முதலில் இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். எத்தனை நாள் போகும், கேட்டது பாதி கிடைத்தாலும் எத்தனை நாளில் திரும்பும்? போட முடியாத கணக்காக இருந்தால், அது கூலி ஸ்டிரைக் இல்லை, எதிர்ப்பைத் தெரிவிக்கிற நாள். அதுவும் தேவைப்படலாம். ஆனால் எதற்காக வீட்டில் இருக்கிறோம் என்று தெரிந்து இருக்க வேண்டும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். லயத்தில் அரிசி எத்தனை நாளுக்கு இருக்கிறது, ரேஷன் எந்தத் தேதியில் வரும், குடும்பஸ்ரீ மகளிர் குழு லோன் தவணை எந்தக் கிழமை, பலசரக்குக் கடைக்காரர் எதுவரை கடன் தாங்குவார். மேடையில் பேசுகிற ஆண்கள் இதைக் கேட்பதே இல்லை. ஸ்டிரைக் உடைவது போலீஸ் தடியால் அல்ல, தவணை நாளால்தான். அந்தக் கிழமைக்கு முந்தின நாள் ராத்திரி லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பேசுகிற ஒரு பெண் வேண்டும். எங்களிடம் அப்படிப்பட்ட அக்காமார் இருந்தார்கள். அவர்கள் போட்டோ எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

இனி ஓட்டு. நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் பெம்பிளை ஒருமை சொந்தமாக நின்றது. தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்தில் நல்லதண்ணி டிவிஷனில் எங்கள் தலைவிகளில் ஒருவரான கோமதி ஜெயித்தார். கிராமப் பஞ்சாயத்திலும் இடம் கிடைத்தது. கட்சிப் பணம் இல்லாமல், முதல் தடவையிலேயே. ஆறு மாதம் கழித்து, 2016 மே மாதம், தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியில் நின்ற பெம்பிளை ஒருமை வேட்பாளருக்கு ஆயிரம் ஓட்டுகூட விழவில்லை. மார்க்சிஸ்ட் கட்சியின் எஸ். ராஜேந்திரன் மூன்றாவது தடவையாக ஜெயித்தார். டவுனில் உட்கார்ந்த பெண்களின் எண்ணிக்கையில் ஒரு சின்னப் பங்குகூடப் பெட்டிக்குள் வரவில்லை.

"ஜனங்க நன்றி கெட்டவங்க" என்று அப்போது சிலர் சொன்னார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வார்டு என்பது நாலைந்து லயம், ஒரு ஃபேக்டரி, ஒரு கோயில். நிற்கிறவளை எல்லோருக்கும் தெரியும், அவள் ரோட்டில் உட்கார்ந்ததையும் பார்த்திருக்கிறார்கள். சட்டமன்றத் தொகுதியோ மறையூர், காந்தலூர், வட்டவடை, அடிமாலி வரை விரிந்து கிடக்கிறது. அங்கே காய்கறி விவசாயி இருக்கிறான், கடைக்காரன் இருக்கிறான், முதுவான் பழங்குடி மக்களின் குடி இருக்கிறது, மலையாளக் குடியேற்றக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் 20 சதவீதத்தால் ஆக வேண்டியது என்ன? பூத்துக்கு இரண்டு பேர் உட்கார வைக்கக்கூட எங்களால் முடியவில்லை. அதற்குள் தலைமையிலும் பிளவு வந்துவிட்டது. லயத்துக்காரிகள்கூட யோசித்துத்தான் குத்தினார்கள். பென்ஷன் ஃபாரம், ஆஸ்பத்திரிக் கடிதம், பிள்ளைக்கு சர்டிபிகேட், இதற்கெல்லாம் நாளைக்கு யாரிடம் போய் நிற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஸ்டிரைக்கில் ஒரு கோபம் போதும். ஓட்டுக்கு அந்தக் கோபம் இல்லாதவனுக்கும் சொல்ல ஒரு விஷயம் வேண்டும்.

ஆகவே புதிதாக ஒரு அமைப்பு தேர்தலில் இறங்கினால் வார்டில் இறங்கட்டும். ஐந்து வருஷம் அந்த வார்டில் தண்ணீரும் ரோடும் கொண்டு வந்து காட்டட்டும். எங்கள் மலையில் ஆறு மாதத்தில் சட்டமன்றத்துக்குத் தாவியதில் இருந்த பலமும் கரைந்தது.

நம் ஆளையே ஆட்சியில் உட்கார வைத்துவிட்டால் ஸ்டிரைக் தேவையிருக்காது என்கிறவர்களுக்கு எங்கள் அம்மாச்சி காலத்துக் கதையைச் சொல்வேன். 1957இல் தேவிகுளத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அந்தத் தேர்தல் செல்லாது என்று ஆகி, 1958 மே மாதம் இடைத்தேர்தல் வந்தது. ஈ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசின் எண்ணிக்கை ஒவ்வொரு இடத்திலும் தொங்கிக்கொண்டிருந்த நேரம். பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் வந்து லயம் லயமாகத் தமிழில் பாடினார். தமிழ்த் தொழிலாளர்கள் ஓட்டை அள்ளிக் கொடுத்தார்கள். ரோசம்மா மறுபடியும் ஜெயித்தார். அதே வருஷம் அக்டோபரில் போனஸ் கேட்டு நடந்த ஸ்டிரைக்கில், அதே அரசின் போலீஸ் சுட்டு இரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். அம்மாச்சி இதைச் சொல்லும்போது அழ மாட்டாள். "ஓட்டைப் போட்டுட்டு வீட்டுக்குள்ள போயிறக்கூடாதுடி" என்று மட்டும் சொல்வாள்.

இதுவரை சொன்னது மலையில் குடியிருந்து மலையிலேயே ஓட்டு உள்ளவர்களின் கதை. எல்லைக்காரர்களின் கதை வேறு. அதைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

என் மதினி போடிப் பக்கம். விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவள். கம்பத்திலிருந்து குமுளி வழியாக ஏறுகிற பெண்களும் இப்படித்தான். வேலை கேரளத்தில், ஓட்டு தமிழ்நாட்டில். அவள் கூலியை முடிவு செய்கிற கமிட்டி திருவனந்தபுரத்தில் கூடுகிறது. அவள் ஓட்டுப் போடுகிற எம்.எல்.ஏ. சென்னையில் உட்காருகிறார். அவள் கூலியைத் தொடுகிற அரசை அவள் ஓட்டு தொடாது. தோட்டத்தில் ஓட்டுக் கேட்டு யாரும் அவளிடம் வருவதில்லை. அவள் எந்தக் கட்சிக்கும் கணக்கில் இல்லாத ஆள்.

பொது வேலை நிறுத்தமோ முதலில் அவளைத்தான் அடிக்கிறது. 2022 மார்ச் 28, 29 இரண்டு நாள் அகில இந்திய ஸ்டிரைக்கில் மலைமேல் எல்லாம் அடைப்பு, கீழே போடியில் கடை திறந்து வியாபாரம் நடந்தது. ஒரே அழைப்பு, ஒரே நாடு. மதினிக்கு ஜீப் இல்லை, கூலி இல்லை. "யாருக்காக நின்னோம்னு கூட யாரும் சொல்லல மதினி" என்றாள். ஹர்த்தால் என்கிற முழு அடைப்பும் அப்படித்தான். 1997இல் கேரள உயர் நீதிமன்றம் பந்த் சட்ட விரோதம் என்றது, உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதற்குப் பிறகு ஹர்த்தால் என்ற பெயரில் அதுவே நடந்தது. 2019 ஜனவரியில், ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த ஏழு நாள் மதினி மாதிரி ஆட்களுக்குப் பெரிய விஷயம். முந்தின ஞாயிற்றுக்கிழமை சேர்த்து வேலை செய்யவாவது முடிகிறது.

பொது வேலை நிறுத்தமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொழிற்சங்கங்கள் எதிர்த்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை 2019, 2020இலேயே நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிவிட்டார்கள். நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21 அன்றுதான். இடையில் அத்தனை வருஷம் இழுத்ததில் நாடு தழுவிய ஸ்டிரைக்குகளுக்குப் பங்கு உண்டு என்றே நம்புகிறேன். ஆனால் அழைக்கிறவர்கள் எல்லைக்குக் கீழேயும் போய்ப் பேச வேண்டும். ஜீப் டிரைவரிடம் பேச வேண்டும், கூலிப் பெண்களின் அன்றைய சோற்றுக்கு வழி பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் ரோட்டில் கல்லை உருட்டி வைத்துவிட்டு ஸ்டிரைக் ஜெயம் என்று பேசினால், அடுத்த தடவை அந்தப் பெண்கள் மனசு நம் பக்கம் இருக்காது.

மதினிக்கு இருக்கிற ஒரே பிடி, ஏலக்காய் பழுக்கிற நேரம். சரியான சுற்றில் எடுக்காவிட்டால் காய் வெடித்துக் கொட்டிவிடும். அந்த வாரத்தில் பத்து ஜீப் பெண்கள் சேர்ந்து வரவில்லை என்றால் முதலாளியே கீழே வருவார். சட்டமன்றம் அவளுக்கு எட்டாது, அந்த அறுவடை எட்டும். ஒரு தோட்டத்துக்கு வருகிற எல்லா ஜீப்பும் ஒரே கூலிதான் பேசுவது என்று முடிவெடுத்தால் அதுவே பாதி வெற்றி.

ஓட்டு நாளிலும் அவளுக்கு ஒரு உரிமை உண்டு, பலருக்குத் தெரியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவின்படி வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். தினக்கூலிக்கும் அது பொருந்தும். வேலை செய்யும் இடம் தொகுதிக்கு வெளியே இருந்தாலும் பொருந்தும். 2021இல் இரண்டு மாநிலத்துக்கும் ஏப்ரல் 6 அன்று ஒரே நாளில் ஓட்டு, பிரச்சினை இல்லை. 2024இல் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளத்துக்கு 26. போடிப் பெண்கள் 19ஆம் தேதி ஓட்டுப் போட நின்றபோது தோட்டத்தில் வேலை நடந்தது. கூலியோடு விடுமுறை கேட்டவர்கள் எத்தனை பேர்? மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான் என்றாலும், பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் மறுப்பது கஷ்டம். இரண்டு பக்கமும் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு தொகுதியில் பெயர் இருப்பது சட்டப்படி தவறு. பொய் சொல்லிச் சேர்த்ததாக மாட்டினால், சேர்த்துவிட்ட ஏஜென்ட் வர மாட்டான், நாம்தான் நிற்க வேண்டும்.

ஸ்டிரைக்குக்கும் இப்போது நெருக்கடி கூடியிருக்கிறது. அந்த நான்கு தொகுப்பில் ஒன்றான புதிய தொழில் உறவுச் சட்டப்படி எந்த ஸ்தாபனத்திலும் நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழியாமல் ஸ்டிரைக் செய்யக்கூடாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் லீவு போட்டாலும் அது ஸ்டிரைக் கணக்குத்தான். மீறினால் தொழிலாளிக்கு ஆயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2025இல் கேரள அரசு இந்தச் சட்டங்களை எதிர்த்தது. ஆனாலும் 2015 போல நினைத்தவுடன் கூடையை இறக்கிவிட்டு இறங்குவது இனிமேல் ஆபத்து. பேச்சுவார்த்தைக்கு உட்காரவும் கணக்கு உண்டு. 51 சதவீதம் தொழிலாளர்கள் உள்ள யூனியன் மட்டும் தனியாகப் பேசலாம். அப்படி ஒன்று இல்லாவிட்டால், 20 சதவீதம் உள்ளவர்களைச் சேர்த்துக் கவுன்சில். ஆகவே பெண்கள் தனியாக நிற்க நினைத்தால் ரோட்டுக்கு வருவதற்கு வெகுநாள் முன்பே பதிவும் சந்தாப் புத்தகமும் வேண்டும். அந்த நாலு கிலோ மாதிரி இன்னொன்று வராமல் இருக்க வேறு வழி தெரியவில்லை.

ஸ்டிரைக், ஓட்டு இந்த இரண்டாலும் இதுவரை கிடைக்காத ஒன்று உண்டு. வீடும் மண்ணும். லயம் கம்பெனியுடையது. ரிட்டயர் ஆனால், வீட்டில் வேறு யாரும் வேலையில் இல்லையென்றால், காலி செய்ய வேண்டும். ஆயுசு முழுக்க இந்த மலையில் ஓட்டுப் போட்டவர்கள் சங்கரன்கோவிலுக்கோ தேனிக்கோ இறங்குகிறார்கள். அங்கே அவர்களைத் தெரிந்தவர்களே இல்லை. அவர்கள் போனதும் இங்கே பட்டியலில் பெயர் போய்விடுகிறது. நிலம் கேட்க வேண்டிய ஆட்கள், கேட்கிற வயதில், ஓட்டில்லாத ஆட்களாகிறார்கள். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கே உழைத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை என்பதை நாடே அன்று பார்த்தது.

நிலத்துக்கு எந்த ஒன்பது நாள் ஸ்டிரைக்கும் போதாது. அதைக் கொடுக்க வேண்டியது அரசு, அதுவும் சட்டமன்றத்தின் வழியாக. அதனால் எங்கள் லயங்களில் இப்போது இரண்டு வேலை செய்கிறோம். அடுத்த மூன்று வருஷத்தில் ரிட்டயர் ஆகப் போகிறவர்கள் பெயரை டிவிஷன் வாரியாக எழுதி வருகிறோம். மலையிலேயே வாடகைக்கோ பிள்ளை வீட்டுக்கோ மாறுகிறவர்களுக்கு, மாறிய உடனே படிவம் 8 எழுதிக் கொடுக்கிறோம். 18 முடிந்த பிள்ளைகளுக்குப் படிவம் 6. கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போன பிள்ளைகளிடம், எங்கே உண்மையில் குடியிருக்கிறாயோ அங்கேயே பெயரை வை என்று சொல்கிறோம். போனஸ் பேச்சு வருகிற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடுகிறோம். வருகிறவர்கள் செக்ரோல் நம்பரையும் வாக்காளர் அட்டையையும் இரண்டையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறோம்.